சுருதி இறக்கமும் ஒரு சிறு பெட்டியும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் குறளைப் பற்றியும் சிலம்பைப் பற்றியும் அறிஞர்கள் பேசக் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். இம்மாதமும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். ரயில்வே காலனிக்கு வரவேண்டிய பேராசிரியர் ரயிலைத் தவறவிட்டார். அதனால் பிற்பகல் இரண்டு மணிக்குச் செயலாளர் என் மேசைக்கு வந்து, "உங்கள் வீட்டில் ஏதோ ஒரு பெட்டி வாங்கியிருக்கிறீர்களாமே, அதைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள், அதையே பேசிவிடுங்கள்" என்றார். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். வண்டிப்பெரியாற்றுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, ரயில்வேயில் கடைநிலைப் பணியில் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதி எழுத்தரானவன். சங்கீத ஞானம் உடையவன் அல்லன். ஆயினும் அந்தப் பெட்டி ஏன் வாங்கப்பட்டது என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லும் கடமையும் எனக்கு உண்டு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் ஆண்டு விழாவில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கடவுள் வாழ்த்தைப் பல்லாண்டுகளாகப் பாடிவந்தவர் நம் பெரியவர். எஞ்சின் கொட்டகையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது மகனுடைய குவார்ட்டர்ஸில் இருக்கிறார். வயது எண்பதை நெருங்குகிறது. இளமையில் நாடகம் பார்த்துப் பார்த்துப் பாட்டுக் கற்றவர். ஆர்மோனியக்காரர் மூன்று கட்டையில் பிடித்தால் சளைக்காமல் பாடுவார். அவ்வாண்டு ஆர்மோனியக்காரர் ஊருக்குப் போய்விட்டபடியால், பையன்கள் கிதாரை வைத்துக்கொண்டு துணைக்கு அமர்ந்தார்கள். கிதாரின் தடித்த தந்தி இயல்பாகவே மூன்று கட்டையில் ஒலிப்பது. பெரியவரும் பழைய நினைவில் "சரி" என்று தலையசைத்துவிட்டார். பல்லவி நன்றாகவே போயிற்று. சரணத்தில் மேல் ஷட்ஜத்தைத் தொடவேண்டிய இடத்தில் குரல் உடைந்தது. மீண்டும் முயன்றார், மீண்டும் உடைந்தது. பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. நான் அதை அடக்கவில்லை. மறைக்காமல் சொல்லுகிறேன், என் உதட்டிலும் அது இருந்தது. கிதார் வாசித்தவன் என் மகன். அவர் பாட்டை முடிக்காமலே கைகூப்பிவிட்டு இறங்கினார். சென்ற ஆண்டு அவர் விழாவுக்கே வரவில்லை.

வீட்டிற்குப் போனதும் மகனைக் கேட்டேன்: "தம்பி, தாத்தாவின் குரல் எட்டவில்லை என்று தெரிந்ததும் நீ சுருதியை இறக்கியிருக்கக் கூடாதா?" அவன், "முடியாது அப்பா" என்றான். எனக்குக் கோபம் வந்தது. ஆர்மோனியக்காரர் விரலை ஒரு கட்டை தள்ளி வைத்தால் வேலை முடிந்தது. இவனுக்கு மட்டும் என்ன முடியாது? அன்று நடந்த வாக்குவாதத்தில் நான் கற்றதையே இப்போது உங்களுக்குச் சொல்லுகிறேன்.

கிதாரில் ஆறு தந்திகள். மெட்டுகளின்மேல் விரலை வைத்தால் சுரம் ஏறும். ஒவ்வொரு மெட்டுக்கும் ஓர் அரைச்சுரம். திறந்த தந்தியைவிடக் கீழே போக அதில் இடமே இல்லை. கேப்போ என்று ஒரு கிடுக்கி உண்டு. அதைத் தண்டின்மேல் மாட்டினால் சுருதி ஏறுமேயன்றி இறங்காது. என் மகன் அந்தப் பாட்டுக்கு அடித்தந்தியைத் திறந்தபடியே தம்பூராவைப் போல மீட்டி ஆதாரமாக வைத்திருந்தான். அதை இறக்க வேண்டுமானால் ஆறு முறுக்காணிகளையும் தளர்த்த வேண்டும். வீணையில் பிருடை என்போமே, அதைப் போன்றவை. தளர்த்தினால் மட்டும் போதுமா? இறுக்கத்துக்கும் ஒலிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே தந்தி, ஒரே நீளம் என்றால், இறுக்கமானது அதிர்வு எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரண்டு அரைச்சுரம் இறக்கினால் தந்தியின் இறுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. நான்கு அரைச்சுரம் இறக்கினால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடுகிறது. தொளதொளத்த தந்தி மெட்டுகளில் மோதிக் கரகரக்கும். அழுத்திப் பிடித்தால் சுரம் விலகும். தடித்த தந்தி மாட்டலாம். ஆனால் மாட்டியபின் குதிரையைச் சரிசெய்ய வேண்டும், தண்டின் வளைவையும் பார்க்க வேண்டும். அவனுடைய கிதாரில் குதிரை அசையும் வகை; பின்புறம் சுருள்வில்கள் அதை இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு தந்தியைத் தளர்த்தினால் மற்ற ஐந்தும் நிலை மாறும். விழாவில் அடுத்த பாட்டுக்குப் பழைய சுருதிக்கே திரும்ப வேண்டுமே! இருப்பதோ ஒரே கிதார்.

இதையெல்லாம் கேட்டபோது நம் முன்னோரின் யாழ் நினைவுக்கு வந்தது. அதில் சுரத்துக்கு ஒரு நரம்பு. சுருதியை மாற்ற வேண்டுமானால் நரம்பு ஒவ்வொன்றையும் மாற்றிக் கூட்ட வேண்டும். பாணன் பொறுமைசாலியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

சுருதியை இறக்குவது ஏதோ குறைபாடு, தோல்வி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அன்று சிரித்தவர்களின் மனத்திலும் அதுவே இருந்தது. பாலக்காட்டில் இருந்துகொண்டு நாம் அப்படி நினைக்கலாமா என்பதே என் கேள்வி.

இந்த மாவட்டத்தில் மஞ்சப்பரா என்ற சிற்றூர் இருக்கிறது. 1923-ஆம் ஆண்டு அங்கே பிறந்தவர் எம். டி. இராமநாதன். டைகர் வரதாச்சாரியாரின் மாணாக்கர், கலாக்ஷேத்திரத்தில் பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியராக இருந்தவர், 1974-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர், 1984-இல் மறைந்தார். அவர் பாடிய சுருதி ஒரு கட்டைக்கும் கீழே! மற்றவர்கள் இறங்கத் தயங்கும் ஆழத்தில் அவர் சாவகாசமாக உட்கார்ந்து பாடினார். விளம்ப காலத்தில், ஒரு சுரத்தை விட்டு அடுத்த சுரத்துக்குப் போக அவசரமே இல்லாமல் பாடுவார். பெருங்கூட்டம் அவரைத் தேடி ஓடியது என்று சொல்லமாட்டேன். கேட்டவர்கள் அவரை விட்டுப் போகவில்லை. அவருடைய ஒலிப்பதிவைக் கேட்கும்போது, பக்கத்தில் வயலின் வாசிப்பவர் தம் தந்திகளை எவ்வளவு இறக்கிக் கூட்டியிருப்பார் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். பாடுபவரின் குரலுக்கு வாத்தியம் இறங்கி வந்தது. குரலை வாத்தியத்துக்கு ஏறிவா என்று எவரும் கேட்கவில்லை.

மற்றொருவர் செம்பை வைத்தியநாத பாகவதர். அவர் குரலின் கம்பீரம் நமக்குத் தெரியும். அந்தக் குரலே ஒரு சமயம் அவரை விட்டுப் போய், பின்னர் திரும்பி வந்தது. குருவாயூரப்பன் திருப்பித் தந்தான் என்று அவர் நம்பினார். குரல் என்பது ஒருவர் கையில் இருக்கும் சொத்தல்ல என்பதை இவ்வூர்க்காரர்களுக்கு வேறொருவர் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு காலத்தில் உயர்ந்த சுருதி அவசியமாகவே இருந்தது. ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமானால் உச்சத்தில்தான் பாட வேண்டும். செங்கோட்டை கிட்டப்பா 27 ஆண்டுகளே வாழ்ந்து 1933-இல் மறைந்தார்; அவருடைய உச்சக் குரலைப் பற்றி நம் பாட்டன்மார் பேசிப் பேசி மாளவில்லை. ஒலிபெருக்கி வந்த பிறகு கத்த வேண்டிய தேவை ஒழிந்தது; சுருதிகள் மெல்ல இறங்கின. இறங்கியதால் ஆழம் கூடியது என்பார் உண்டு. வீரியம் குறைந்தது என்பார் உண்டு. நம் மணி ஐயர் ஒரு காலத்தில் ஒலிபெருக்கியே வேண்டாம் என்று உறுதியாக நின்றவர். அந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லத் துணியமாட்டேன்.

நாதசுரத்தின் கதை இன்னும் பொருத்தமானது. பழைய நாயனம் திமிரி எனப்படும்; குட்டையானது, சுருதி மிக உயர்ந்தது. கோயில் வீதியில் ஊர் முழுதும் கேட்க அது வேண்டியிருந்தது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை அவர்கள் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியைக் கொண்டு நீளமான பாரி நாயனத்தைச் செய்வித்தார். சுருதி இறங்கியது. கச்சேரி மேடையில் தம்பூராவோடு இழைந்து வாசிக்கும் வழியும் பிறந்தது. நீளத்தைக் கூட்டினால் சுருதி இறங்கும். தச்சர் உளியால் செய்ததும் சுருதி இறக்கமேதான். நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

மிருதங்கக்காரர்களைக் கேளுங்கள். தக்குச் சுருதிக்கு ஒன்று, ஹெச்சுச் சுருதிக்கு ஒன்று என்று இரண்டு மூன்று மிருதங்கங்களைச் சுமந்துகொண்டு வண்டியேறுகிறார்கள். நம்முடைய பார்சல் அலுவலகத்துக்கு அவர்களால் உண்டாகும் தொல்லையைப் பற்றிப் பேசாமல் விடுகிறேன். அவை செய்யப்படும் பெருவெம்பு இங்கிருந்து வெகு தொலைவில் இல்லை.

கடல் கடந்த ஒரு செய்தியும் சொல்லவேண்டும். தொழிலாளர் குடும்பங்களாகிய நமக்கு அது பிடிக்கும். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் டோனி அயோமி என்ற இளைஞர் தகட்டு உலோகத் தொழிற்சாலையில் வேலை செய்தார். 1965-இல், வேலையை விட்டுப் போகும் கடைசி நாளன்று, இயந்திரத்தில் கை சிக்கி இரண்டு விரல்களின் நுனி போயிற்று. அவர் இடக்கைக்காரர்; போனதோ தந்தியை அழுத்தும் வலக்கையின் விரல்கள். இனிக் கிதார் இல்லை என்று முடங்கிக் கிடந்தவருக்குத் தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது. 1928-இல் தீ விபத்தில் இடக்கையின் இரண்டு விரல்கள் பயனற்றுப்போன பின்னும் பெரும்புகழ் பெற்ற கிதார்க்காரர் அவர். அயோமி பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல் நுனிக்குக் குப்பி செய்து, அதன்மேல் தோலை ஒட்டிக்கொண்டார். மெல்லிய தந்திகளை மாட்டினார். 1971-இல் வந்த இசைத்தட்டுக்குத் தம் கிதாரை மூன்று அரைச்சுரம் இறக்கிக் கூட்டினார். தளர்ந்த தந்தி அந்த விரலுக்கு வலியைக் குறைத்தது. அதிலிருந்து பிறந்த கனத்த ஓசையைத்தான் இன்று உலகெங்கும் இளைஞர்கள் பின்பற்றுகிறார்கள். என் மகன் அறையிலிருந்து வரும் ஓசையும் அதன் வாரிசுதான். என் மனைவி அதை ஓசை என்றே ஒப்புக்கொள்வதில்லை.

இனிப் பெட்டிக்கு வருகிறேன். அது உள்ளங்கை அகலம். காலால் மிதிக்கும் பொத்தான் ஒன்று. திருப்பும் குமிழ் ஒன்று. கிதாரிலிருந்து வரும் கம்பி இதற்குள் நுழைந்து, பின் ஒலிபெருக்கிக்குப் போகிறது. ஒன்று முதல் ஏழு வரை அரைச்சுரங்களும் ஒரு முழு ஸ்தாயியும் இறக்கலாம். கிதாரின் முறுக்காணியைத் தொடவே வேண்டாம். தந்தி தன் இயல்பான இறுக்கத்திலேயே இருக்கும். மிதித்தால் சுருதி இறங்கும். மறுபடி மிதித்தால் பழைய நிலை.

எப்படி? நாம் ரயில்வேக்காரர்கள், நமக்கு இது எளிது. நடைமேடையில் நில்லுங்கள். நிற்காத வண்டி ஒன்று மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஊதிக்கொண்டே கடந்து போகட்டும். நெருங்கும்போது ஒரு சுரம்; கடந்ததும் அதே ஊதல் தாழ்ந்து கேட்கும். அந்த வேகத்தில் ஏறக்குறைய மூன்று அரைச்சுரம் தாழும். ஊதல் மாறவில்லை, அலைகள் காதுக்கு வரும் வேகம்தான் மாறியது. கிராமபோன் வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு மற்றோர் உதாரணம்: நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழல வேண்டிய தட்டை விரலால் தடுத்து 73½ சுற்றாக்கினால் பாடகரின் சுருதி ஓர் அரைச்சுரம் இறங்கிவிடும். ஆனால் பாட்டும் மெதுவாகிவிடும்! இங்கேதான் சிக்கல். வண்டி மெதுவாகப் போக வேண்டும்; ஆனால் கால அட்டவணைப்படி குறித்த நேரத்தில் வந்து சேர வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் இப்படி ஓர் உத்தரவைக் கொடுத்தால் என்ன பதில் வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

பெட்டி அதைச் செய்கிறது. தந்தி இரும்பு, கிதாரில் அதன் கீழே காந்தமும் கம்பிச் சுருளும் இருக்கின்றன. தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்னோட்டம் அதிர்கிறது. பெட்டி அந்த மின்னோட்டத்தை வினாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக நினைவில் வைத்துக்கொள்கிறது. பின்னர் அந்த எண்களைச் சற்று மெதுவாகப் படிக்கிறது, சுருதி இறங்குகிறது. மெதுவாகப் படிப்பதால் பின்தங்கிப் போகுமல்லவா? அதற்காக ஒலியை மிகச் சிறு துண்டுகளாக வெட்டி, அவ்வப்போது சில துண்டுகளைத் தாண்டி, ஒட்டு தெரியாதபடி ஒன்றன்மேல் ஒன்றைக் கரைத்து இணைத்துவிடுகிறது. பெட்டிகளைக் கழற்றிவிட்டு நேரத்தை ஈடுகட்டும் வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பயணிக்கு மட்டும் எதுவும் தெரியாது.

1975-இல் அமெரிக்காவின் ஈவன்டைட் நிறுவனம் இத்தகைய கருவியை ஒலிப்பதிவுக் கூடங்களுக்காக வெளியிட்டது. 1989-இல் டிஜிடெக் நிறுவனம் வாமி என்ற மிதியைக் கொண்டுவந்தது. தொடக்கக் காலக் கருவிகள் ஒரு சமயத்தில் ஒரே சுரத்தைத்தான் சரியாகக் கையாண்டன. ஆறு தந்திகளையும் சேர்த்து மீட்டினால் குழம்பிவிடும். பல சுரங்களையும் ஒருசேர இறக்கும் திறமை பிற்காலத்தில் வந்தது.

விற்பவர்கள் சொல்லாத குறைகளையும் சொல்லவேண்டும். ஒலி ஓர் இமைப்பொழுது தாமதித்தே வருகிறது. ஆயிரத்தில் பத்துப் பங்கு வினாடி என்று வைத்துக்கொண்டால், ஒலிபெருக்கியிலிருந்து பதினோரு அடி தள்ளி நின்று கேட்பதற்குச் சமம். பழகினால் தெரியாது. ஓரிரண்டு அரைச்சுரம் இறக்கினால் ஓசை இயல்பாக இருக்கும். ஐந்து ஆறு என்று போனால் ஈரத்துணியைப் போர்த்தியது போல மங்கிவிடும். கரகரப்பு உண்டாக்கும் மற்றப் பெடல்களுக்கு முன்னால் இதை வைக்க வேண்டும். பின்னால் வைத்தால் குழப்பம். இன்னொரு வேடிக்கை உண்டு. வீட்டில் மெதுவாக வாசித்தால், தந்தியின் சொந்த ஓசை மூன்று கட்டையிலும் ஒலிபெருக்கியின் ஓசை இரண்டு கட்டையிலும் சேர்ந்து கேட்கும். முதல் நாள் இரவு அப்படித்தான் கேட்டது. பெட்டி பழுது என்று நான் கடைக்காரரிடம் சண்டைக்குப் புறப்பட்டேன். மகன்தான் தடுத்து, ஒலியைக் கூட்டிக் காட்டினான்.

பெட்டியைக் கோயம்புத்தூரில் தசரா போனஸில் வாங்கினோம். எழுபத்தெட்டு நாள் போனஸுக்கும் எழுபத்தெட்டுச் சுற்று இசைத்தட்டுக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது போலும்! வாங்கும்படி கேட்டவன் மகன் அல்லன். நான்தான்.

கருவியில்லாமலும் நம் மக்கள் இதைச் செய்திருக்கிறார்கள். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலின்போது பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் குழுவினர் ஆர்மோனியத்தோடு எங்கள் மலைத் தோட்டங்களில் பாடித் திரிந்தார்கள். அக்குழுவில் வளர்ந்த தம்பிதான் பின்னாளில் இளையராஜா. கிதாரை நம் திரைப்பாட்டின் உள்ளத்தில் வைத்தவர். ஆர்மோனியம் அவர்களோடு எந்த மேட்டிலும் ஏறியது. பாடுபவருக்குத் தொண்டை கட்டினால் விரல் ஒரு கட்டை நகரும்; அவ்வளவுதான். எலப்புள்ளியில் 1928-இல் பிறந்த எம். எஸ். விசுவநாதனும் ஆர்மோனியத்தில் மெட்டமைத்தவரே. என் மகன் வாங்கிய பெட்டி, ஆர்மோனியத்துக்குப் பிறவியிலேயே இருந்த அந்தப் பணிவைக் கிதாருக்குக் காசு கொடுத்துப் பெற்றது என்றே நான் நினைக்கிறேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மகனும் பெரியவர் வீட்டுக்குப் போனோம். என்ன சொல்லி அழைப்பதென்று தெரியவில்லை. "ஐயா, அன்று நானும் சிரித்துவிட்டேன்" என்றேன். அவர், "தெரியுமே, நீங்கள் மூன்றாவது வரிசை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் வீட்டம்மா காபி கொண்டுவந்து வைத்தார்கள். காபி ஆறும் வரையில் ஒருவரும் பேசவில்லை. பிறகு அவரே பையனைப் பார்த்து, "அந்தப் பெட்டி எங்கே?" என்று கேட்டார்.

மறுவாரம் நம் சங்க அறைக்கு வந்தார். மகன் மரியாதைக்காகக் குமிழை நான்கில் வைத்து ஒரு கட்டைக்கு இறக்கியிருந்தான். பெரியவர் இரண்டு அடி பாடிவிட்டு நிறுத்தினார். "ஏன் தம்பி, என்னை அவ்வளவு கிழவன் என்று தீர்மானித்துவிட்டாயா? அரைக் கட்டை ஏற்று" என்றார். குமிழ் மூன்றுக்குத் திரும்பியது. ஒன்றரைக் கட்டை. சரணம் வந்தது. மேல் ஷட்ஜத்தை அவர் தொட்டார். தொட்டு, சற்று நேரம் அங்கேயே நின்றார். மிருதங்கம் வாசிக்கும் நம் சிக்னல் பகுதி நண்பர் மட்டும், "என்னிடம் இருப்பது மூன்று கட்டைக்குக் கூடும் மிருதங்கம், இதற்குத் தக்கு மிருதங்கம் வேண்டுமே" என்று கவலைப்பட்டார். அவருடைய வாத்தியத்துக்கு இன்னும் இப்படி ஒரு பெட்டி வரவில்லை. கஞ்சிக்கோட்டில் ஒருவரிடம் இரவல் கேட்டிருக்கிறோம்.

ஆண்டு விழாவில் முதல் நிகழ்ச்சியாகக் கடவுள் வாழ்த்தைப் பெரியவர் பாடுகிறார். ஒத்திகை ஞாயிறு மாலை நான்கு மணிக்கு. இருபத்திரண்டாம் எண் குவார்ட்டர்ஸில் இருக்கும் நீண்ட மின்கம்பியைத் தயவுசெய்து கொண்டுவந்து கொடுக்கவும். பெட்டிக்குத் தனி இணைப்பு வேண்டியிருக்கிறது.